முருகேசன் ஏட்டு நினைவு நம்பர் பிளேட்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கேம்ப் ரோடு ஸ்டிக்கர் கடைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டிய வாங்கிட்டு வரணும். அவ்ளோதான்.

வாங்கிட்டேன். கீழ போடல, தொலைக்கல, மழைல நனைக்கல. பத்திரமா கொண்டு வந்து சேர்த்தேன். அப்படியும் ஒரு மணி நேரத்துல ஒரு இன்ஸ்பெக்டர் மேடம் என்னைப் பார்த்து, "சார், நீங்க எங்கயும் போயிடாதீங்க"ன்னு சொல்ற நிலைமை வந்துடுச்சு.

எல்லாம் என் மச்சானால வந்தது. என் வொய்ஃப் ஜெசியோட தம்பி, அமெரிக்கால இருக்கான். அங்க ஒரு கார் நம்பர் பிளேட் போட்டோவ அனுப்பிச்சு, "மாமா, இந்த டிசைன் பிளேட்டுக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டணும். அந்தக் காசு டியூட்டில செத்துப்போன போலீஸ்காரங்க குடும்பத்துக்குப் போவுது. கவர்மெண்டே விக்குது"ன்னான்.

அவன் சும்மாதான் அனுப்பிச்சான். நான் சும்மா இருக்கலாம்ல?

இருக்க முடியாது. ஏன்னா நான் காலனி சங்கத்துக்கு செயலாளர். அதுக்கு மேல பிளஸ் டூ கணக்கு வாத்தியார். சும்மா இருக்கறது எங்க பரம்பரைலயே இல்ல.

அதோட எங்களுக்கு நிஜமாவே ஒரு காரணம் இருந்துச்சு. எங்க தெருவுல மூணு வீடு தள்ளி ஏட்டு முருகேசன் இருந்தாரு. டிராஃபிக்ல டியூட்டி. போன மழைல முடிச்சூர் பக்கம் தண்ணில மாட்டிக்கிட்ட ஒரு குடும்பத்த கரை சேர்த்துட்டு, திரும்ப உள்ள போனவரு வரல. அவர் சம்சாரம் தேவிம்மா வீட்லயே தையல் மெஷின் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்காங்க. கவர்மெண்ட் பணம் ஏதோ ஒரு டேபிள்ல இருந்து இன்னொரு டேபிளுக்கு நடந்துகிட்டே இருக்கு. பொண்ணு ஹேமாவுக்கு நர்சிங்ல சீட்டு கிடைச்சிடுச்சு. திங்கக்கிழமை ஹாஸ்டல் பணம் கட்டி சேரணும். கட்டலன்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும்.

காலனில எல்லாரும் சேர்ந்து குடுத்துடலாம்னு அவங்க வீட்டுக்குப் போனோம். தேவிம்மா காபி குடுத்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சும்மா குடுத்தா வாங்க மாட்டேன். அவர் ஒரு டீ கூட ஓசில குடிச்சது கிடையாது. நான் ஏதாச்சும் குடுத்து, நீங்க அதுக்கு காசு குடுங்க. இல்லன்னா வேணாம்."

எதைக் குடுப்பாங்க? ஒரே நாள்ல நாப்பது ஜாக்கெட்டா தைக்க முடியும்?

அப்பதான் மச்சான் போட்டோ என் மண்டைல பளிச்சுன்னு எரிஞ்சுது. நம்பர் பிளேட்! வண்டி நம்பர் நடுவுல. மேல நீலக் கலர்ல "ஏட்டு முருகேசன் நினைவாக". ஓரத்துல சின்னதா ஒரு போலீஸ் தொப்பி. செய்யற செலவு என்னோடது. தேவிம்மா கையால குடுப்பாங்க, அவங்கவங்க ஒரு கவர்ல தங்களால முடிஞ்சத போட்டுக் குடுப்பாங்க. நாப்பது பேர் பேரு குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல சங்கக் கட்டடத்துல ஒரு ஃபங்ஷன் வெச்சுக் குடுக்கறதுன்னு முடிவாச்சு.

தேவிம்மா யோசிச்சாங்க. "பொருள் ஒழுங்கா இருக்கணும் சார்"னாங்க.

"நான் பண்றேன்மா. ஒழுங்கா இல்லாம இருக்குமா?"

ஜெசி மட்டும் ஒரு வார்த்தை சொன்னா. "எதுக்கும் போலீஸ்ட்ட ஒரு தடவை கேட்டுட்டுப் பண்ணுங்க."

"போலீஸுக்காகப் பண்றதுக்கு போலீஸ்ட்டயே பர்மிஷன் கேக்கணுமாடி?"

"ஆமா."

நான் கேக்கல. இருவது வருஷமா கேக்காம இருந்து பழகிட்டேன்.

ஸ்டிக்கர் கடை பாபு நல்ல மனுஷன். விஷயத்த சொன்னதும், "ஏட்டு அண்ணனுக்கா? கூலி வாணாம் சார், மெட்டீரியல் காசு மட்டும் குடு"ன்னுட்டான். முதல்ல சாம்பிளுக்கு என் ஸ்கூட்டர் நம்பர்லயே ஒண்ணு போட்டு, பழச உடைச்சுக் கழட்டிட்டு, என் வண்டி பின்னாடியே மாட்டி விட்டான். பார்க்கறதுக்கு அவ்ளோ ஜோரா இருந்துச்சு! போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டேன். சர்ச் குரூப்ல கூட போட்டேன்.

அப்புறம்தான் நான் என் வேலைய காமிச்சேன்.

நாப்பது பேரோட வண்டி நம்பரையும் அழகா டைப் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி, பாபுவுக்கு அனுப்பினேன். அடுத்தவங்க வண்டி நம்பராச்சே, கண்ட கைக்குப் போயிடக் கூடாதுன்னு பாஸ்வேர்டு வேற போட்டேன். பாஸ்வேர்டு என்னன்னு வாய்ஸ் நோட்ல சொன்னேன். மொத்தம் பதினோரு வாய்ஸ் நோட். எழுத்து சைஸ், இடைவெளி, தொப்பி எவ்ளோ சாஞ்சிருக்கணும், எல்லாம். பாஸ்வேர்டு ஏழாவதுல இருந்துச்சு.

பதினோராவதுல, கணக்கு வாத்தியார் பழக்கத்துல, சுருக்கமா ஒரு ரிவிஷன் குடுத்தேன். "பாபு, அந்த சாம்பிள் மாதிரியே நாப்பது. ஒரு எழுத்து கூட மாறக் கூடாது. திரும்ப சொல்றேன், ஒரு எழுத்து கூட மாறக் கூடாது. புரிஞ்சுதா? ஒரு எழுத்து!"

பாபு கட்டைவிரல் தூக்கிக் காமிச்சு ஒரு பொம்மை அனுப்பினான். எனக்கு திருப்தி.

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி ஆராதனை முடிச்சுட்டு நேரா கடைக்குப் போனேன். பாபு வெள்ளை வேட்டி சட்டைல நிக்கறான். கேளம்பாக்கத்துல மச்சினி கல்யாணமாம்.

"பெட்டி ரெடியா கீது சார். ஒவ்வொண்ணும் பேப்பர்ல சுத்தி வெச்சிகிறேன். கீறல் வுழாது. நான் கெளம்பறேன்."

"இருப்பா. செக் பண்ணாம எடுத்துட்டுப் போற ஆளா நான்?"

மேல இருந்த ஒண்ண பிரிச்சேன். பளபளன்னு என் வண்டி நம்பர்! அடடா, நான் பின்னாடிக்கு மட்டும்தான கேட்டேன், இவன் முன்னாடி மாட்டறதுக்கும் சேர்த்து ஒண்ணு போட்டிருக்கானே! அதையும் மேலயே வெச்சிருக்கான். மரியாதை தெரிஞ்சவன்.

ரெண்டாவத பிரிச்சேன். அதுவும் என் நம்பர். ஸ்பேர்! செயலாளர்னா சும்மாவா?

"பாபு, உன்ன மாதிரி தொழில் தெரிஞ்சவன் தாம்பரத்துலயே கிடையாதுப்பா"ன்னேன். அவனும் வெக்கப்பட்டான்.

மூணாவத பிரிச்சிருக்கலாம். பிரிக்கல. பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு "ரெண்டு உதாரணம் சரியா வந்தா போதாதுடா, நிரூபிக்கணும்"னு கத்தறவன் நான்தான்.

பெட்டிய கால் இடைல வெச்சுக்கிட்டு வரேன். சிக்னல்ல ஒரு டிராஃபிக் போலீஸ் தம்பி ஓரம் கட்டச் சொன்னாரு. வண்டிய சுத்தி வந்து பின்னாடி பிளேட்ட பார்த்தாரு. தொப்பிய கழட்டினாரு. மறுபடி மாட்டினாரு.

"முருகேசன் சாரோட பேரு போட்டிருக்கீங்க."

"ஆமா தம்பி."

"இது யார் சார் பண்ணது?"

"நான்தான்! ஐடியா, டிசைன் எல்லாம் நான்தான். இன்னும் நாப்பது இருக்கு, இதோ பெட்டில!"

அந்தத் தம்பி பெட்டிய பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. வானத்தப் பார்த்தாரு.

"உங்க ஃபங்ஷனுக்கு எங்க இன்ஸ்பெக்டர் மேடம் வராங்கல்ல சார்?"

"ஆமா, சீஃப் கெஸ்ட்டே அவங்கதான்."

"அப்ப அங்கயே பாத்துக்குவாங்க. நீங்க போங்க."

எவ்ளோ பண்பான புள்ளன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.

சங்கக் கட்டடத்துல கூட்டம் நிறைஞ்சு இருந்துச்சு. ஷாமியானா, டீ, மசால் வடை. முன் வரிசைல இன்ஸ்பெக்டர் மேடம். முருகேசன் ஏட்டு அவங்க ஸ்டேஷன்லதான் இருந்தாரு. பக்கத்துல தேவிம்மா, இஸ்திரி போட்ட காட்டன் புடவைல. ஹேமா மடில அட்மிஷன் ஃபைல வெச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் மைக் புடிச்சு பேசினேன். எவ்ளோ நேரம்னு கேக்காதீங்க. ஜெசி ரெண்டு தடவை இருமினா.

முதல் பேரு, எங்க சங்கத் தலைவர் ராமநாதன் சார். தேவிம்மா எழுந்து பேப்பர் சுத்தின பிளேட்ட குடுத்தாங்க. அவர் கவர நீட்டிக்கிட்டே பேப்பர பிரிச்சாரு.

"செல்வின், இது என் நம்பர் இல்லியே."

"மாறிடுச்சு சார். அது என்னுது, ஸ்பேர். அடுத்தத எடுத்துக்கங்க."

அடுத்தத பிரிச்சாரு. "இதுவும் உன்னுதுதான்பா."

"அது முன்னாடிக்கு சார். அதுக்கு அடுத்தது."

அதுக்கு அடுத்ததும் என்னுதுதான்.

நானே கீழ உக்காந்து பெட்டிய கவுத்தேன். பிரிக்கறேன், என் நம்பர். பிரிக்கறேன், என் நம்பர். பக்கத்துல இருந்தவங்களும் உதவிக்கு வந்து ஆளுக்கு ஒண்ணா பிரிக்கறாங்க.

"சார், எனக்கும் உங்க நம்பர்!"

"இங்கயும் செல்வின் சார்தான்!"

"யோவ், இதுல வேற யாராச்சும் இருக்காங்களா இல்லியாயா?"

நாப்பதும் என் நம்பர்.

மேடம் டீ கிளாஸ கீழ வெச்சாங்க. ஒரு பிளேட்ட கைல எடுத்தாங்க. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தாங்க.

"இந்த நம்பர் வண்டி யாருது?"

மொத்தக் காலனியும் என்னை நோக்கிக் கை காட்டுச்சு. ஜெசியும் காமிச்சா!

"சார், ஒரே நம்பர்ல ரெண்டு பிளேட் வெச்சிருந்தாலே நாங்க தனியா கூப்ட்டு விசாரிப்போம். நீங்க நாப்பது வெச்சிருக்கீங்க. அதுவும் என்ன சீஃப் கெஸ்ட்டா கூப்ட்டு, மைக்ல சொல்லி, குடுக்கறீங்க."

"மேடம், நான் வாத்தியார் மேடம்..."

"நீங்க எங்கயும் போயிடாதீங்க."

பாபுவுக்கு போன் போட்டேன். மேடம் ஸ்பீக்கர்ல போடச் சொன்னாங்க. பின்னாடி நாதஸ்வரம் கேக்குது.

"பாபு! இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க? எல்லாத்துலயும் என் நம்பர்!"

"ஆமா சார். சாம்பிள் மாதிரியே நாப்பதுன்னு சொன்னீங்களே. ஒரு எழுத்து கூட மாறக் கூடாதுன்னு மூணு தபா சொன்னீங்கோ. ஒண்ணாச்சும் மாறிகீதா சார்?"

"லிஸ்ட் அனுப்பினேனே!"

"அது பாஸ்வேர்டு கேட்டுச்சு சார்."

"ஏழாவது வாய்ஸ் நோட்ல சொல்லியிருக்கேன்!"

"நான் கடைசிய மட்டும்தான் சார் கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தா எப்போ சார் பிளேட் அடிக்கறது?"

கூட்டத்துல யாரோ கை தட்டினாங்க. யாருன்னு எனக்குத் தெரியும், என் கிளாஸ் பையன்தான். சிலபஸ் முடிக்கற வாத்தியாருக்கு எதிரிங்க எல்லா இடத்துலயும் உண்டு.

மேடம் போன வாங்கினாங்க. "ஏம்பா, ஒருத்தர் ஒரே நம்பர்ல நாப்பது கேட்டா உனக்கு சந்தேகம் வரலியா?"

"வந்துச்சு மேடம். ஆனா படிச்சவரு, கணக்கு வாத்தியாரு, இதுல ஏதோ கணக்கு கீதுன்னு வுட்டுட்டேன்."

போன் கட் ஆச்சு. தாலி கட்டற நேரமாம்.

மேடம் மெதுவாத்தான் சொன்னாங்க. "சார், சரியான நம்பரா வந்திருந்தாலும் இது நடக்காது. பிளேட்ல வண்டி நம்பரத் தவிர வேற எழுத்து, படம் எதுவும் இருக்கக் கூடாது. சிக்னல்ல உங்கள நிறுத்தின எங்க டிராஃபிக் பையன் போன் பண்ணான். அப்பவே உங்ககிட்ட தனியா பேசலாம்னுதான் இருந்தேன். நீங்க மைக்க விடல."

ஜெசி என்னைப் பார்க்கவே இல்ல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

அப்பதான் தேவிம்மா எழுந்தாங்க. ராமநாதன் சார் குடுத்த கவர அவர்கிட்டயே திருப்பி நீட்டினாங்க.

"வேணாம் சார். பொருள் சரியில்லன்னா காசு வாங்கறது நியாயம் இல்ல. நீங்க எல்லாரும் இவ்ளோ பண்ணதே போதும்."

ஹேமா ஃபைல மூடி நாடாவ கட்டுச்சு. அந்த முடிச்சு சரியா விழல. மறுபடி கட்டுச்சு.

உண்மைய சொல்றேன், அந்த நிமிஷம் என்ன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா நிம்மதியா ஜீப்ல ஏறி உக்காந்திருப்பேன். ஒரு பொண்ணோட படிப்பு என் ஒரு பாஸ்வேர்டுல போவுதே!

"தேவிம்மா, நான் வேற ஏதாச்சும்..."ன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் போய் மைக்க அணைச்சு வெச்சேன். வாழ்க்கைல முதல் தடவையா.

தேவிம்மா கீழ குனிஞ்சு தரைல கிடந்த பிளேட்ட எடுத்தாங்க. புருஷன் பேர விரலால தடவினாங்க. கீழ என் நம்பர பார்த்தாங்க. சுத்தி கிடந்த நாப்பதையும் பார்த்தாங்க. அவங்க தோள் குலுங்குச்சு. அழறாங்கன்னு ஹேமா ஓடி வந்து புடிச்சுக்கிச்சு.

அழல. சிரிக்கறாங்க!

"செல்வின் சார், உங்க பழைய வண்டி ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? ஏட்டு எனக்கே ஒரு தடவை ஃபைன் போட்டிருக்காரு. என் பழைய வண்டி பிளேட்ல "கர்த்தர் என் மேய்ப்பர்"னு பெருசா எழுதி, நம்பர கீழ குட்டியா எழுதி வெச்சிருந்தேன். மூணு வீடு தள்ளி இருக்கற மனுஷன், சிக்னல்ல நிறுத்தி, "ஆண்டவருக்கு உங்க வண்டி எதுன்னு தெரியும் சார். எங்களுக்கு நம்பர் தெரியணும்"னு சொல்லி ரசீது கிழிச்சுக் குடுத்தாரு.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அத சொல்லி சொல்லி சிரிச்சாரு சார். நம்பர் பிளேட்னா அவருக்கு உசுரு. இன்னிக்கு இருந்திருந்தா, தன் பேர்ல அடிச்சிருக்குன்னு கூட பாக்க மாட்டாரு. உங்க நாப்பது பேருக்கும் வரிசையா கேஸ் போட்டிருப்பாரு!"

மேடம் அப்பதான் சிரிச்சாங்க. "ஸ்டேஷன்லயே நம்பர் பிளேட் கேஸ் அதிகம் புடிச்சது அவருதாம்மா"ன்னாங்க. சொல்லும்போதே கர்சீப் எடுத்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் யாரு சிரிக்கறாங்க யாரு அழறாங்கன்னு பிரிச்சு பார்க்க முடியல. அவர் போனதுக்கு அப்புறம் தேவிம்மா சிரிச்சு நாங்க யாரும் பார்த்ததில்ல.

கடைசி வரிசைல இருந்து கனகா அக்கா எழுந்து வந்தாங்க. தெரு முனைல இட்லி மாவு விக்கறவங்க. நாப்பது பேர் லிஸ்ட்லயே அவங்க கிடையாது.

"தேவி, எனக்கு ஒண்ணு குடு."

"அக்கா, உன்கிட்ட வண்டியே கிடையாதே?"

"அதான் கேக்கறேன். வண்டி இருக்கறவன்தான் நம்பர் மாறிப்போச்சுன்னு அழுவான். எனக்கு எந்த நம்பரா இருந்தா இன்னா? அண்ணன் பேரு கீதுல்ல? வாசல்ல மாட்டிக்கறேன். நீ பொருளு குடுக்கற, நான் காசு குடுக்கறேன். சும்மாவா குடுக்கறேன்?"

இடுப்புல இருந்து ஒரு சுருக்குப்பைய எடுத்து அப்படியே தேவிம்மா கைல வெச்சுட்டாங்க.

தேவிம்மா மேடத்தப் பார்த்தாங்க. மேடம் யோசிச்சாங்க.

"வீட்டு வாசல்ல மாட்டறதுக்கு சட்டத்துல தடை இல்ல. ஆனா யாரு யாரு வாங்கினாங்கன்னு பேரு எழுதி கையெழுத்து வாங்கி என்கிட்ட குடுக்கணும். எந்த வண்டிலயாச்சும் இதப் பார்த்தேன், நேரா செல்வின் சார் வீட்டுக்குத்தான் வருவேன்."

அப்புறம் பார்க்கணுமே கூட்டத்த! ரேஷன் கடைல கூட அப்படி தள்ளுமுள்ளு நடக்காது. தேவிம்மா ஒவ்வொருத்தருக்கா கைல குடுத்தாங்க. ஒவ்வொருத்தரும் கவர குடுத்தாங்க. நான் ஓரமா உக்காந்து லிஸ்ட் எழுதினேன். பேனால. பாஸ்வேர்டு இல்லாம.

கடைசில ராமநாதன் சார் வந்து நிக்கறாரு. பெட்டி காலி. கனகா அக்கா ஒண்ண எடுத்துட்டாங்கல்ல, அவருக்கு இல்ல.

"முதல் பேரு என்னுது. எனக்கே இல்லன்னா எப்படி?"

மேடம் வெளில நின்ன என் ஸ்கூட்டர பார்த்தாங்க. "அங்க ஒண்ணு இருக்கே. அத எப்படியும் கழட்டித்தான் ஆகணும்."

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்தது ஜெசி. அவ்ளோ வேகமா அவ வீட்டுக்குப் போயிட்டு வந்து நான் பார்த்ததே இல்ல. ராமநாதன் சார் மண்ண துடைச்சுட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு.

திங்கக்கிழமை ஹேமா காலேஜ்ல சேர்ந்துடுச்சு. ஹாஸ்டல் ரூம் வாசல்ல நின்னு எடுத்த போட்டோ தேவிம்மா அனுப்பினாங்க. நானும் ஜெசியும் அத மாறி மாறி பார்த்துக்கிட்டு இருந்தோம்.

சாயங்காலம் பாபு கடைக்குப் போய், என் வண்டி பின்னாடிக்கு வெறும் நம்பர் மட்டும் போட்டு ஒரே ஒரு பிளேட் அடிச்சுத் தரச் சொன்னேன். அவன் கைய கட்டிக்கிட்டு நின்னான்.

"அடிச்சுத் தரேன் சார். ஆனா நீ வாயால எதுவும் சொல்லாத. எழுதிக் குடுத்துட்டு போயிடு. கல்யாண வேலைலாம் முடிச்சுட்டு அடுத்த வாரம் தரேன்."

அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு பஸ்லதான் போறேன். இன்னிக்கு எங்க காலனில நாப்பத்தோரு வீட்டு வாசல்ல என் வண்டி நம்பர் இருக்கு. என் வண்டி பின்னாடி மட்டும்தான் இல்ல.